தகடும் தாழ்ப்பாளும்

ஜெர்மனியின் தென்பகுதியில் டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிறது உல்ம் நகரம். குளிர்காலத்தில் அங்கே வைக்கப்பட்ட இரண்டு பெட்டிகளின் படங்கள் 2021 ஜனவரியில் உலகமெங்கும் சுற்றின. மரமும் எஃகும் சேர்த்துச் செய்த பெட்டி. உள்ளே இருவர் படுக்கலாம். உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம். மேலே சூரியத் தகடுகள். 'உல்மர் நெஸ்ட்', அதாவது உல்மின் கூடு என்று பெயர். உறையவைக்கும் இரவில் போக்கிடம் இல்லாத ஒருவர் படுத்து உயிர் பிழைக்க வேண்டும் என்பதற்காக, நகர நிர்வாகத்தின் துணையோடு உள்ளூர் வடிவமைப்பாளர்கள் 2018 முதல் உருவாக்கிவந்த ஏற்பாடு அது. செய்தி போட்டவர்கள் பலரையும் கவர்ந்த சொல் 'சூரிய சக்தி'. பெஞ்சு, நிழற்குடை, விளக்குக் கம்பம் என்று ஒரு நகரம் தெருவில் போட்டுவைக்கும் தட்டுமுட்டுகளின் தலையில் ஒரு தகட்டைப் பொருத்திவிட்டால், அவற்றுக்குப் புதுமையோடு கருணையும் வந்துவிட்டதாக ஒரு மயக்கம் உண்டு. வீடற்றவர்களுக்கென்று செய்யப்படும் இத்தகைய பொருள்களை எடைபோடத் தகட்டிலிருந்து தொடங்கினால் தப்புக் கணக்கில்தான் முடியும். உல்ம் பெட்டியின் முதன்மையான பாகம் தாழ்ப்பாள். அடுத்தது, மறுநாள் காலையில் வந்து எட்டிப்பார்க்கும் ஆள். தகடு மூன்றாவதுதான். இந்த வரிசை தலைகீழாகும் இடங்களிலெல்லாம் பொருள் கெட்டுப்போகிறது என்பதே என் வாதம்.

முதலில் மின்சாரக் கணக்கைப் பார்த்துவிடலாம். பலரும் தாண்டிப் போகிற இடம் அதுதான். தென் ஜெர்மனியில் டிசம்பர் மாதம் ஒரு சதுர மீட்டர் தரையில் நாளொன்றுக்கு விழும் சூரிய ஆற்றல் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. இன்றைய தகடு அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். ஆகவே ஒரு சதுர மீட்டர் தகடு கொடுப்பது ஒரு நாளைக்கு 200 வாட் மணிக்கும் கீழே. ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்றை அதை வைத்து ஓட்டினால் 12 நிமிடத்தில் பேட்டரி காலி. பனிமூட்டம் கவிந்த வாரமென்றால் அந்த 12 நிமிடமும் கிடையாது. உறங்கும் மனித உடலோ சுமார் 70, 80 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியிடுகிறது. இருவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தால் ஒரு யூனிட்டுக்கு மேல் வெப்பம். அதாவது, கூரையில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் தகட்டைப் போல ஐந்தாறு மடங்கு வெப்பத்தைத் தருபவர்கள் உள்ளே படுத்திருப்பவர்கள்தான். மரச்சுவரின் வேலை அந்தச் சூட்டைக் கசியவிடாமல் பிடித்துவைப்பது. காற்றோட்டத்தின் வேலை மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்வது. சூரியன் அந்தக் கூட்டைச் சூடாக்குகிறது என்று நினைத்துக்கொண்டு படத்தைப் பகிர்ந்தவர்கள் ஏராளம். குளிர் உயிரைப் பறிக்கும் மாதமும் சூரியன் கை விரிக்கும் மாதமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. எந்தத் தொழில்நுட்பத் தேர்ச்சியும் அந்தப் பஞ்சாங்கத்தை மாற்றப்போவதில்லை. ஒளி மின்விளைவை விளக்கி நோபல் பரிசு பெற்ற ஐன்ஸ்டைன் பிறந்தது இதே உல்மில்தான். ஊர்ப் பெருமைக்கு அது உதவும், டிசம்பர் வெயிலுக்கு உதவாது.

அப்படியானால் தகடு எதற்கு? உணரிகளுக்கு. உள்ளே வெப்பம், ஈரம், கரியமில வாயு, புகை ஆகியவற்றின் அளவைக் கவனிக்கும் கருவிகள் உல்ம் பெட்டியில் இருக்கின்றன. யாராவது கதவைத் திறந்தால் அந்தச் செய்தி ரேடியோ அலைவழியே பராமரிப்பவர்களுக்குப் போய்விடும். கேமரா வேண்டாம் என்று வடிவமைப்பாளர்கள் தெரிந்தே விலக்கியிருக்கிறார்கள். கதவு திறக்கப்பட்டது என்று தெரிந்ததும் ஆள் போய்ப் பார்க்கிறார், பெட்டி சுத்தமாகிறது, தங்கியவர் உடன்பட்டால் மேற்கொண்டு உதவிக்கும் வழி திறக்கிறது. இதற்கெல்லாம் தேவைப்படும் மின்சாரம் சில வாட்டுகள்தான். மங்கிய டிசம்பரும் அதைக் கொடுத்துவிடும். உற்றுப் பார்த்தால், அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு படுத்திருப்பவருக்கு நேராகப் போகவில்லை. அவரைப் பற்றி ஊருக்கு நினைவூட்டுவதற்குப் போகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியின் உண்மையான கண்டுபிடிப்பே அதுதான். சூரியத் தகட்டை ஒரு சமூகப் பணியாளரை எழுப்பும் மணியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் மணி அடித்தால் எழுந்துவர ஓர் ஆள் சம்பளத்தில் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாத ஊரில் இதே பெட்டி இரண்டே வாரத்தில் துர்நாற்றம் வீசும் மூலையாகிவிடும். பிறகு புகார்கள் குவியும். பிறகு பூட்டு விழும்.

தாழ்ப்பாளை ஏன் முதலில் வைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். இரவுக் காப்பகம் திறந்திருக்கும் ஊரிலும் சிலர் தெருவிலேயே படுக்கிறார்கள். அவர்களுக்கு வீம்பு என்று சொல்லிவிடுவது எளிது. காரணங்களோ சாதாரணமானவை. நாயை உள்ளே விடமாட்டார்கள். கணவன் ஒரு கூடத்திலும் மனைவி இன்னொரு கூடத்திலும் படுக்க வேண்டியிருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர் பையைத் திருடுவார் என்ற அச்சம் இருக்கும். முன்பொருமுறை அங்கே வாங்கிய அடியின் நினைவு இருக்கும். நெரிசலான கூடத்தில் மூச்சுத் திணறும் மன நோய் இருக்கும். பொது இடத்தில் படுப்பவருக்குக் குளிருக்கு அடுத்த பகை மனிதர்கள்தாம்: உதைத்து எழுப்புகிறவர்கள், போதையில் வம்புக்கு வருகிறவர்கள், பெண் என்றால் வேறு நோக்கத்தோடு வருகிறவர்கள். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து உறங்குவதை உறக்கம் என்று சொல்ல முடியாது. உள்ளிருந்து போடும் ஒரு தாழ், எட்டு மணி நேரத்துக்கு இரண்டு கண்களையும் மூட விடுகிறது. இதற்கு மின்சாரமே வேண்டாம். உல்மில் 1953 முதல் 1968 வரை இயங்கிய புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளியிலிருந்து 1954-இல் வந்த 'உல்ம் முக்காலி' என்ற பொருளை அறிந்தவர்களுக்கு இது புரியும். மூன்று பலகையும் ஒரு குறுக்குத் தண்டும். உட்காரலாம், புத்தகம் அடுக்கலாம், தூக்கிக்கொண்டு போகலாம். ஒரு பொருளுக்கு என்ன தேவையோ அதைக் கண்டுபிடித்து, மற்றதை விட்டுவிடுவதுதான் அந்த மரபு. கூட்டின் தாழ்ப்பாளில் அந்த மரபு தெரிகிறது.

தகட்டுக்கு இவ்வளவு குறைவான இடம் கொடுத்துவிட்டதால், அது எங்கே உண்மையாகவே பெரியது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். கைபேசி. லாஸ் ஏஞ்சலஸில் வீடற்ற நிலையிலிருந்து குடியிருப்புக்கு மாறவிருந்தவர்களைப் பற்றி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கைபேசி வைத்திருந்தார்கள். 'சாப்பாட்டுக்கு வழியில்லை, போன் மட்டும் கேட்குதா' என்று முணுமுணுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முகவரி இல்லாதவருக்கு எண்தான் முகவரி. காப்பகத்தில் இடம் இருக்கிறதா, மருத்துவர் எப்போது வரச் சொன்னார், நாளைக்குக் கூலி வேலை உண்டா, வீட்டுக்கு விண்ணப்பித்தது என்ன ஆயிற்று என்று எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வர வேண்டும். கருவி கையில் இருந்தும் அதற்கு மின்சாரம் கிடைப்பதுதான் பாடு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் சாரசோட்டா என்ற ஊரில் 2012 நவம்பரில் ஒரு பூங்காவின் பிளக்கில் கைபேசியைச் சொருகியதற்காக வீடற்ற ஒருவரை 'மின் திருட்டு' என்று கைது செய்தார்கள். அவர் இரவைச் சிறையில் கழித்தார். நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அன்றைய விலையில் அந்த மின்சாரத்தின் மதிப்பு ஒரு சென்ட்டில் ஒரு துணுக்கு. இன்றைய கைபேசி ஒன்றை முழுதாக நிரப்ப 20, 25 வாட் மணி போதும்; மேலே சொன்ன டிசம்பர் தகடே ஏழெட்டுப் பேரின் கைபேசிக்குப் பதில் சொல்லிவிடும். வெப்பத்தில் தோற்ற தகடு இங்கே ஜெயிக்கிறது. அதோடு, யாருடைய பிளக்கும் இல்லாத மின்சாரம் என்பதால் அதைத் திருடவும் முடியாது. சூரிய சக்தியின் சமூகப் பயன் என்று நான் மதிப்பது இதை: கெஞ்சாமல், காபி வாங்காமல், யாரும் முறைக்காமல் கிடைக்கும் 20 வாட் மணி.

இந்த இடத்தில்தான் கதை கசக்கத் தொடங்குகிறது. தெருவில் கைபேசி நிரப்பும் சூரியப் பெஞ்சுகள் ஏற்கெனவே பல நகரங்களில் வந்துவிட்டன. அவை யாருக்காக வந்தன என்று பார்க்க வேண்டும். செர்பியாவின் ஒப்ரெனோவாட்ஸ் ஊரில் 2010-இல் மாணவர்கள் நிறுவிய 'ஸ்ட்ராபெரி ட்ரீ' இந்த வகையின் முன்னோடி. அதன் வழித்தோன்றலான பெஞ்சுகள் பின்னர் ஒரு கார் நிறுவனத்தின் ஆதரவோடு லண்டனுக்குப் போயின. பாஸ்டனில் 2014-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) ஊடக ஆய்வகத்திலிருந்து கிளைத்த 'சூஃபா' பெஞ்சு வந்தது; நகர மேயரே அறிவித்தார். அந்த நிறுவனம் பின்னர் விளம்பரம் காட்டும் சூரியப் பலகைகளின் பக்கம் நகர்ந்துவிட்டது. வியாபாரம் என்றால் அப்படித்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெஞ்சுக்குக் காசு தருபவர் விளம்பரதாரர் என்று ஆனபின், அவர் விரும்பும் கண்களைக் கொண்ட மனிதர் அங்கே உட்கார வேண்டும். விரும்பாதவர் நெடுநேரம் உட்காரக் கூடாது. இதே பத்தாண்டுகளில்தான் லண்டனின் கேம்டன் பகுதி தன் புகழ்பெற்ற கான்கிரீட் பெஞ்சை 2012-இல் அறிமுகப்படுத்தியது. சரிவும் மடிப்புமாக, உட்காரலாம், ஆனால் எந்தப் பக்கம் புரண்டாலும் படுக்க முடியாது என்று கணக்குப் பார்த்துச் செதுக்கியது. 2014-இல் அதே லண்டனில் ஓர் அடுக்ககத்தின் வாசலில் படுக்கவிடாமல் ஆணிகள் பதித்ததும், எதிர்ப்புக் கிளம்பியதும், ஆணிகளைப் பிடுங்கியதும் நடந்தன. ஆணியைப் பார்த்துக் கொதித்த ஊர், பெஞ்சின் நடுவே முளைத்த கைப்பிடியைப் பார்த்துக் கொதிக்கவில்லை. கைப்பிடி ஆணியைவிடப் பண்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நியூயார்க்கில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். அது சூரிய சக்தியில் ஓடியதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; ஆனாலும் தெருவில் இலவசமாக இணையமும் மின்சாரமும் தந்த பொருள் எப்படி நடத்தப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. பழைய தொலைபேசிக் கூண்டுகளுக்குப் பதிலாக 2016-இல் வந்த 'லிங்க்என்ஒய்சி' கம்பங்களில் விளம்பர வருமானத்தில் வைஃபை, சார்ஜ், இணையம் பார்க்கும் திரை எல்லாம் இலவசம். நகரம் எதிர்பார்க்காதது ஒன்றுதான்: அவற்றை மிகவும் தேவைப்பட்டவர்கள் மிகவும் பயன்படுத்தினார்கள். நாற்காலியும் அட்டைப்பெட்டியும் கொண்டுவந்து போட்டுத் திரை முன் மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். சிலர் ஆபாசப் படம் பார்த்தார்கள், பாட்டை அலறவிட்டார்கள் என்று புகார்கள் வந்தன. அவை பொய்ப் புகார்களும் அல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் இணையத் திரையை எடுத்துவிட்டார்கள். விளம்பரத் திரை அங்கேயே இருந்தது. தொந்தரவு தந்த பயனை ஒழுங்குபடுத்த நேர வரம்பு வைக்கலாம், தளங்களை வடிகட்டலாம், அருகே ஒரு பணியாளரை நிறுத்தலாம். செலவும் சிரமமும் உள்ள வழிகள். எடுத்துவிடுவது எளிது. ஒரு தெருத் தட்டுமுட்டு ஏழைகளுக்கானதா என்பதைத் திறப்பு விழாவில் தெரிந்துகொள்ள முடியாது. ஏழைகள் அதை நிறையப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு வருகிற முதல் புகார்க் கடிதத்துக்கு நகரம் என்ன பதில் எழுதுகிறது என்பதில்தான் தெரியும்.

சூரிய சக்தி இங்கே இரட்டை வேடம் போடுகிறது. தகடு உள்ள பெட்டிக்கு மின்கம்பி வேண்டாம். கம்பி வேண்டாமென்றால் தெருவைத் தோண்ட வேண்டாம், மீட்டர் வேண்டாம், மின்வாரியத்துக்கு விண்ணப்பம் வேண்டாம். முதல் பனி விழுந்த வாரத்தில் ஒரு லாரியில் கொண்டுவந்து இறக்கிவிடலாம். நெருக்கடியில் இது பெரிய வசதி. ஆனால் தோண்டாமல் நட்டதைத் தோண்டாமலே பிடுங்கலாம். கம்பியும் மீட்டரும் வெறும் இடைஞ்சல்கள் அல்ல. ஒரு பொருளுக்கு அந்த இடத்தில் இருக்க உரிமை உண்டு என்பதற்கான காகிதச் சாட்சிகளும் அவைதான். தற்சார்புள்ள பெட்டி எந்தப் பதிவேட்டிலும் ஆழமாக இறங்காமல் நிற்கிறது. தேர்தலோ, திருவிழாவோ, பெரிய விளையாட்டுப் போட்டியோ வரும்போது ஓர் இரவில் மறைந்துவிடலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் மாதம் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஓர் இடத்தில் இருக்க உரிமை உண்டா என்ற கேள்வி அங்கே கூர்மையாகியிருக்கிறது. காப்பகத்தில் இடம் இல்லாவிட்டாலும், பொது இடத்தில் முகாமிட்டுப் படுப்பவரை நகரம் தண்டிக்கலாம். அது அரசியலமைப்பு தடுக்கும் கொடிய தண்டனை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். படுப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லக்கூடிய ஊரில் படுக்கைக்கு மேலே தகடு இருந்தால் என்ன, தங்கம் இருந்தால் என்ன? கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோவில் பன்னிரண்டு பள்ளிச் சிறுமிகள், தங்கள் ஊர்த் தெருக்களில் வீடற்றோர் பெருகுவதைக் கண்டு, முதுகுப்பையாக மடியும் சூரியக் கூடாரம் ஒன்றை உருவாக்கி 2017-இல் எம்.ஐ.டி.யில் காட்டினார்கள். அந்தச் சிறுமிகளின் அக்கறையிலும் உழைப்பிலும் பழுதில்லை. கூடாரத்தை விரிக்க ஓர் இடம் தருவது அவர்கள் கையில் இல்லை.

உணரிகள் பற்றிய ஆட்சேபம் இன்னொரு பக்கத்திலிருந்து வரும்: ஏழையின் மூச்சுக்காற்றைக்கூட அளந்து எங்கோ அனுப்புவது கண்காணிப்பு அல்லவா என்று. கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு கட்டடத்தின் கீழ்த் தளத்தில் நெருப்புப் பிடித்தால் அலாரம் அடிப்பதை நாம் கண்காணிப்பு என்று சொல்வதில்லை. மூடிய மரப்பெட்டிக்குள் குளிர்தாங்க ஒருவர் அடுப்பு மூட்டினால் புகை உணரி அவர் உயிரைக் காக்கும். நான் வைக்கும் எல்லை எளியது. எவரையும் அடையாளம் காட்டாமல், 'பெட்டி 2-இல் கரியமில வாயு ஏறுகிறது' என்ற அளவில் நிற்கும் தகவல் பராமரிப்பு. 'இன்ன ஆள் இந்த மாதம் ஒன்பது இரவு இங்கே வந்தார்' என்று அது மாறிய கணத்தில் காவல் நிலையத்துக்கு ஒரு சன்னல் திறந்துவிட்டது. உல்மில் கேமராவைத் தவிர்த்தது இந்த எல்லையைப் புரிந்துகொண்டதன் அடையாளம். பெஞ்சில் உட்காருகிறவர்களின் கைபேசிச் சமிக்ஞைகளை எண்ணி நடமாட்டத் தரவாக விற்கும் வணிக மாதிரி அந்த எல்லைக்கு மறுபக்கம் இருக்கிறது. அதில் சார்ஜ் வாங்க வருபவர் மின்சாரத்துக்குக் காசு கொடுக்கவில்லை, அவரையே கொடுக்கிறார்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு இது: பெட்டியே வேண்டாம், வீடு கொடு. 2022-இல் ஜெர்மன் அரசு வெளியிட்ட முதல் அறிக்கை நாட்டில் 2,62,600 பேர் வீடற்றவர்கள் என்றும், அவர்களில் சுமார் 37,400 பேர் தெருவிலோ ஒண்டிக்கொள்ளும் இடங்களிலோ கிடக்கிறார்கள் என்றும் சொன்னது. அதன் முன் உல்மின் பெட்டிகள் யானைப் பசிக்குச் சோளப்பொரி. மறுபுறம் ஃபின்லாந்து. 2008 முதல் அங்கே கொள்கையைத் திருப்பிப் போட்டார்கள். குடியை விட்டு, வேலை தேடி, ஒழுங்காக நடந்து காட்டினால் வீடு என்பது பழைய படிக்கட்டு. முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு வீடு, மற்றது பிறகு என்பது புதியது. இரவுக் காப்பகங்களையே தனி அறைக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். 1980-களின் பிற்பகுதியில் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023-இல் 3,400 அளவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு நலத்திட்ட வெட்டுகளுக்கு நடுவே மீண்டும் ஏறியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீடு கொடுப்பதும் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையல்ல என்பதை அந்த ஏற்றம் காட்டுகிறது. இந்தச் சான்றுக்கு முன்னால் பெட்டிக்காக வாதாடுவது எப்படி?

முழுதாக வாதாட முடியாது என்பதே நேர்மையான பதில். பெட்டியை வீட்டுக்கு மாற்றாக யார் முன்வைத்தாலும் அவர் பொய் சொல்கிறார். ஆனால் வீடு கொடு என்கிற வாதமும் ஒரு கால இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. ஃபின்லாந்துக்கே பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. ஜெர்மனி 2030-க்குள் வீடின்மையை ஒழிப்பதாக 2024-இல் செயல்திட்டம் ஏற்றிருக்கிறது. அந்த 2030-க்கும் இன்றைக்கும் நடுவே குளிர்காலங்கள் இருக்கின்றன. அவற்றில் மைனஸ் பத்துக்கு இறங்கும் இரவுகள் இருக்கின்றன. கொள்கை ஆண்டுக் கணக்கில் நடக்கிறது, உடல் மணிக்கணக்கில் விறைக்கிறது. தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிடும் என்ற அச்சம் அனுபவத்தில் பிறந்தது. அதற்கு மருந்து தற்காலிக ஏற்பாட்டை மறுப்பது ஆகாது. அதை எண்ணத்தக்கதாக வைத்துக்கொள்வதே மருந்து. எத்தனை இரவு கதவு திறந்தது என்ற பெயரில்லாத எண்ணிக்கையை நகரம் ஆண்டுதோறும் வெளியிட்டால், அது வீட்டுவசதித் துறையின் கடன் கணக்காக நிற்கும். உபயோகம் ஏறுவது பெட்டியின் வெற்றியாக விளம்பரப்படுத்தப்படும் ஊரில் ஏமாற்று நடக்கிறது. அதே ஏற்றம் தோல்வியாக எழுதப்படும் ஊரில் பெட்டி தன் வேலையைச் செய்கிறது.

கலைஞர்கள் இதை முன்பே புரிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. மைக்கேல் ராக்கோவிட்ஸ் 1998 முதல் செய்துவந்த 'பாராசைட்' கூடாரங்கள் பிளாஸ்டிக் பைகளால் ஆனவை. கட்டடங்கள் வெளியே ஊதித் தள்ளும் சூடான காற்றுக்குழாயில் வாயைப் பொருத்தினால் கூடாரம் ஊதி எழும். உள்ளே கதகதப்பு வரும். சூரியத் தகட்டால் முடியாத வெப்பத்தை, பெருங்கட்டடம் வீணாக்கும் மூச்சிலிருந்து எடுத்துக்கொண்ட சாமர்த்தியம் அது. பொறியியலாகப் பார்த்தாலும் உல்மைவிடப் புத்திசாலித்தனமானது. அதை அவர் தீர்வென்று முன்வைக்கவில்லை. கட்டடத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, இந்தச் சூடு யாருக்குச் சொந்தம் என்று போகிற வருகிறவரைக் கேட்கும் பொருளாகவே வைத்தார். இன்றைய 'ஸ்மார்ட்' பெஞ்சுகளிடம் இல்லாதது அந்தக் கூச்சம். அவை எதையும் கேட்பதில்லை; எல்லாம் தீர்ந்துவிட்டது போலப் பளபளக்கின்றன.

வடிவமைப்பு ஊர் விட்டு ஊர் போகும்போது என்ன ஆகும் என்பதற்கு இந்திய நகரங்கள் நல்ல உரைகல். 2011 கணக்கெடுப்பு நாட்டில் 17.7 லட்சம் பேரை வீடற்றவர்கள் என்று எண்ணியது. லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டதை ஒட்டித்தான் சென்னை மாநகராட்சி போன்றவை காப்பகங்களை விரிவாக்கின. இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. டிசம்பரிலும் உல்மைப் போல நான்கைந்து மடங்கு விழும். ஆனால் உல்மின் பெட்டியை அப்படியே சென்னையின் பாரிமுனையில் கொண்டுவந்து வைத்தால், மே மாத இரவில் அது அவிக்கும் பானை. அதைவிட, பிராட்வே நடைபாதையில் தலைமுறைகளாக வாழ்கிறவர்கள் தனி மனிதர்கள் அல்ல. அடுப்பும் பாயும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் உள்ள குடும்பங்கள். ஆணுக்கு ஒரு காப்பகம், பெண்ணுக்கு ஒரு காப்பகம் என்று பிரிக்கும் ஏற்பாட்டுக்குள் நுழைய மறுப்பதற்கு அவர்களுக்கு உல்ம்காரரைவிட வலுவான காரணம் இருக்கிறது. இருவர் படுக்கும் மூடிய பெட்டியால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தகடு இங்கே செய்யக்கூடியது வேறு: கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவெல்லாம் அணையாத ஒரு விளக்கு, படிக்க ஒரு வெளிச்சம், கைபேசிக்கு ஒரு பிளக், பூட்டி வைக்க ஒரு பெட்டி. ரேஷன் அட்டையும் ஆதாரும் மழையில் நனையாமலும், அப்புறப்படுத்தும் லாரியில் போய்விடாமலும் இருக்க ஓர் அலமாரி கிடைத்தால் அதன் மதிப்பு எந்தப் படுக்கைக்கும் குறைந்ததல்ல. அதிலும் முக்கியமான பாகம் தாழ்ப்பாள்தான். சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

இத்தகைய பொருள்களை வாங்க நகரங்கள் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளிகளில் தகட்டின் வாட், பேட்டரியின் ஆயுள், விளக்கின் ஒளி அளவு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். அவை இருக்கட்டும். அவற்றோடு இன்னும் மூன்று வரி சேர்க்கலாம். இருக்கைப் பலகை இடையில் கைப்பிடி இல்லாமல் ஆறடிக்கு மேல் நீளமாக இருக்க வேண்டும். நகரமன்றத்தின் பகிரங்கத் தீர்மானம் இல்லாமல் பொருளை இடம் மாற்றக் கூடாது. பராமரிப்புக்கான தொகையில் காலை ஏழு மணிக்கு நேரில் வரும் ஒருவரின் ஐந்தாண்டுச் சம்பளம் அடங்கியிருக்க வேண்டும். மூன்றாவது வரியைப் படித்ததும் விலை கேட்டு வந்த நிறுவனங்களில் பாதி எழுந்து போய்விடும். மிச்சமிருக்கும் பாதியோடு பேச்சைத் தொடங்கலாம்.